மருந்து மாறிப்போனால் என்ன சொல்வது?

மூட்டுவாதத்துக்குக் கொடுக்கும் மெதோற்றெக்சேற் குளிசையைக் கிழமைக்கு ஒரு நாள்தான் போட வேண்டும். உறையில் 'தினமும் ஒன்று' என்று எழுதப்பட்டுவிட்டால் வாய் புண்ணாகும், எலும்பு மச்சையில் இரத்தம் உருவாவது தடைப்படும், உயிரே போகலாம். பிழையைக் கண்டுபிடித்த மருந்தாளர் நோயாளியிடம் என்ன சொல்வார்?

மருந்தாளராகப் படிப்பவர்களுக்கு இதை நடிப்பின் மூலம் பழக்குகிறார்கள். ஒருவர் நோயாளியாக நடிப்பார். மாணவர் பிழையைச் சொல்லி மன்னிப்புக் கேட்பார். 1960களில் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஹோவார்ட் பரோஸ் மருத்துவ மாணவர்களுக்காகத் தொடங்கிய முறை இது. முதல் வசனம் வாயில் வராமல் தடுமாறுவதை, யாருக்கும் கேடில்லாமல் வகுப்பறையிலேயே அனுபவித்துக் கடக்கலாம். விரிவுரையால் இதைத் தர முடியாது.

ஆனால் அந்தப் பயிற்சி, மூடிய அறையில் தனியே இருக்கும் நோயாளியை வைத்தே நடக்கிறது. மன்னாரின் பேசாலை போன்ற கடற்கரை ஊரில் மருந்து கொடுக்கும் ஜன்னலடியில் வரிசை நிற்கும். பின்னால் நிற்பவர் சொந்தக்காரராகவே இருப்பார். அங்கே சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. கடலுக்குப் போனவருக்காக மனைவி மருந்தெடுக்க வந்திருந்தால், சொல்ல வேண்டியவர் அங்கே இல்லவே இல்லை. இலங்கையில் மருந்தாளர் பட்டப்படிப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது. தேவைப்படுவதோ இப்படியான பேச்சு: "அம்மா, போன கிழமை தந்த குளிசையில எங்கட பக்கம் பிழை நடந்திட்டுது. இனிப் போடாதேங்கோ. எத்தனை போட்டனீங்கள்? வாயில புண் வந்ததோ? காய்ச்சல் இருக்கோ? இப்பவே டொக்டரிட்டக் காட்டுவம்." உருக்கமான மன்னிப்புக்கு முன் இந்தக் கேள்விகள் வர வேண்டும். பணிவான குரலுக்குப் புள்ளி போடும் பரீட்சை இதைத் தவறவிடும்.

அதைவிடப் பெரிய குறை ஒன்றுண்டு. நோயாளியிடம் சொல்லப் பழக்குகிறோம். மருந்து எழுதிய டொக்டரிடமும் மேலதிகாரியிடமும் சொல்லப் பழக்குவது குறைவு. விளங்காத கையெழுத்து, ஒன்றுபோல் இருக்கும் பெட்டிகள், நெரிசல் எல்லாம் சேர்ந்து பிழையைப் பிறப்பிக்கின்றன. தவிர்க்கக்கூடிய கடுமையான மருந்துத் தீங்கை ஐந்து ஆண்டுகளில் பாதியாக்க உலக சுகாதார நிறுவனம் 2017இல் அறைகூவியபோதும், தனி ஆளைக் குற்றம் சொல்வதைவிட முறைமையைத் திருத்துவதையே முன்வைத்தது. சொன்னால் தண்டனை என்ற இடத்தில் எந்தப் பயிற்சியும் வாயைத் திறக்க வைக்காது.

பயிற்சியை நிறுத்த வேண்டாம். தமிழில், மன்னார்க் கிளினிக்குகளில், டொக்டர்மாரையும் சேர்த்து நடத்துங்கள். புள்ளி போடும் இடத்தில் மருந்தெடுக்க வரும் அம்மாக்களையும் இருத்துங்கள்.