நேற்றைய நற்செய்தி

மறைமாவட்ட வலைத்தளம் ஒன்றைக் கவனித்துக்கொள்கிற வாசகர் கேட்டிருக்கிறார்: ‘எங்கள் தளத்தில் ஆர்.எஸ்.எஸ். வைக்கலாமா? அதெல்லாம் செத்துப்போச்சு, ஃபேஸ்புக் போதும் என்கிறார்களே.’

தாராளமாக வைக்கலாம். பட்டனில் மட்டும் ‘ஆர்.எஸ்.எஸ்.ஸில் சேருங்கள்’ என்று போட்டுவிடாதீர்கள். ஞாயிறு பூசை முடிந்து வருகிற பெரியவர்களுக்குத் தலை சுற்றிவிடும். செய்தியோடை என்று தமிழில் ஒரு நல்ல பெயர் 2000-களிலேயே புழக்கத்துக்கு வந்துவிட்டது. நாமும் ஓடை என்றே சொல்வோம்.

தெரியாதவர்களுக்கு: உங்கள் தளத்தில் புதிதாக எது வந்தாலும் அதன் தலைப்பு, சுட்டி, தேதி, சுருக்கம் இவற்றை ஒரு சின்ன எக்ஸ்.எம்.எல். கோப்பில் எழுதி வைத்துவிடுவது. வாசிப்பவரின் ரீடர் அவ்வப்போது வந்து எட்டிப் பார்த்து, புதுசு இருந்தால் எடுத்துக்கொண்டு போகும். அவ்வளவுதான் விஷயம். 1999-ல் நெட்ஸ்கேப்பில் இதன் முதல் வடிவத்தை எழுதிய இருவரில் ஒருவர் ராமநாதன் குஹா, சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். (உள்ளூர்ப் பெருமை பேசியாயிற்று, மேலே போகலாம்.)

செத்துப்போச்சா? 2013 ஜூலையில் கூகுள் தன் ரீடரை மூடியபோது நிறைய பேர் இரங்கல் வாசித்தார்கள். ஆனால் 2021 ஜனவரியில் அமெரிக்காவில் ஆப்பிளின் பாட்காஸ்ட் பட்டியலில் கொலை வழக்குகளையும் அரசியல் அரட்டைகளையும் தாண்டி முதலிடத்துக்கு வந்தது எது தெரியுமா? மைக் ஷ்மிட்ஸ் என்ற கத்தோலிக்கக் குருவானவர் தினம் கொஞ்சமாக பைபிளை வாசித்து, ஒரு வருஷத்தில் முடிக்கிற நிகழ்ச்சி. பாட்காஸ்ட் என்பதே ஓடைதான். சுட்டி இருக்கிற இடத்தில் கூடவே ஒரு ஒலிக்கோப்பின் விலாசம் இருக்கும். செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட ஒன்று அமெரிக்கா முழுவதும் காதில் பைபிள் வாசித்துக்கொண்டிருந்தது.

ஃபேஸ்புக் போதும் என்பவர்களிடம் ஒன்று கேளுங்கள். பங்கில் ஒருவர் இறந்துவிட்டார், நாளை மாலை நாலு மணிக்கு அடக்கம் என்று போடுகிறீர்கள். அதை யார் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம் என்று தீர்மானிப்பது கலிஃபோர்னியாவில் இருக்கும் ஒரு நிரல். அடக்கம் முடிந்து இரண்டு நாள் கழித்து, சோப்பு விளம்பரத்துக்கும் பூனை வீடியோவுக்கும் நடுவில் அது உங்கள் கண்ணில் படலாம்; படாமலும் போகலாம். வாட்ஸ்அப் குரூப் என்றால் உங்கள் போன் நம்பர் குரூப்பில் உள்ள அத்தனை பேருக்கும் தெரியும். ஓடைக்கு உங்கள் பெயர்கூட வேண்டாம். போட்டது எல்லாம், போட்ட வரிசையில் வரும். கோயில் மணி மாதிரி. அடிக்கிறவருக்கு யார் கேட்டார்கள் என்று தெரியாது, கேட்டவர் கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

இவ்வளவு புகழ்ந்தாயிற்று. சிக்கல் இனிமேல்தான்.

ஓடையைச் செய்தவர்கள் செய்தித்தாள்காரர் புத்தியில் செய்தார்கள். புதுசு மேலே, பழசு கீழே, ரொம்பப் பழசு குப்பையில். திருச்சபையின் புத்தி நேர் எதிர். அங்கே எதுவும் பழசாவதில்லை, திரும்ப வரும். ஞாயிறு வாசகங்கள் மூன்று வருஷத்துக்கு ஒரு சுற்று, வாரநாள் முதல் வாசகங்கள் இரண்டு வருஷத்துக்கு ஒரு சுற்று. 1969-ல் போட்ட ஏற்பாடு. இதை ஓடையில் விட்டால் என்ன ஆகும்?

ஒவ்வொரு பதிவுக்கும் ஓடையில் ஒரு நிரந்தர அடையாளம் உண்டு. ஜி.யு.ஐ.டி. என்பார்கள். பெரும்பாலும் பக்கத்தின் விலாசத்தையே போட்டுவிடுவார்கள். ரீடர் அதை ஞாபகம் வைத்துக்கொண்டு, ஏற்கெனவே பார்த்ததை மறுபடி காட்டாது. நல்ல குணம்தான். ஆனால் ஜூன் 13 வருகிறது, புனித அந்தோனியார் திருநாள். தளத்தில் அவருக்கு ஒரு பக்கம் இருக்கிறது. முதல் வருஷம் ஓடையில் அழகாக வந்தார். அடுத்த வருஷம் அதே பக்கம், அதே விலாசம். ரீடர் ‘இவரைத்தான் பார்த்தாச்சே’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்! ‘இன்றைய வாசகம்’ என்று மாறாத ஒரே விலாசத்தை வைத்திருக்கும் தளங்களில் இன்னும் மோசம். இரண்டாம் நாளே ஓடை வற்றிவிடும். பரிகாரம் சுலபம்: அடையாளத்தில் வருஷத்தையும் தேதியையும் சேருங்கள். தேதியைக் கணக்குப்போட்டு எடுக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். ஈஸ்டர் 2025-ல் ஏப்ரல் 20; 2026-ல் ஏப்ரல் 5. அது நகர்ந்தால் சாம்பல் புதனிலிருந்து பெந்தெகோஸ்தே வரை எல்லாம் கூடவே நகரும்.

அடுத்து, ‘இன்று’ என்றால் என்று?

சிரிக்காதீர்கள். அமெரிக்க ஆயர் பேரவை தினசரி வாசகங்களுக்கு ஓடை தருகிறது. ஒழுங்கான ஓடை, குறையில்லை. நம் ஊர்த் தளங்கள் சில அதை அப்படியே இழுத்து ஓரத்தில் ஒட்டிக்கொள்கின்றன. வாஷிங்டனில் நள்ளிரவு 12 மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் காலை பத்தரை. காலைப் பூசைக்குப் போனவர் வீடு திரும்பி, இட்லி சாப்பிட்டு, ஆபீஸும் போய்ச் சேர்ந்துவிட்டார். அதுவரை தளத்தில் ஓடுவது நேற்றைய நற்செய்தி. அதோடு நாள்காட்டியும் வேறு. ஜூலை 14 அமெரிக்காவில் கத்தேரி தெகாக்விதா நினைவு. உலகப் பொது நாள்காட்டியில் கமில்லுஸ். ஜூலை 3 தோமையார், இந்தியாவில் பெருவிழா, அங்கே அந்த அந்தஸ்து கிடையாது. 2022-ல் புனிதராக்கப்பட்ட நம் தேவசகாயத்துக்கு ஜனவரி 14. பொங்கலன்று அவரைத் தேடுகிறவருக்கு அமெரிக்க ஓடையில் அவர் கிடைக்கமாட்டார்.

இன்னொருவரை நினைத்துப் பாருங்கள். குவைத்தில் வேலை பார்க்கும் நர்ஸ். அங்கே வார விடுமுறை வெள்ளி, சனி. அதனால் ஞாயிறு திருப்பலியை வெள்ளியன்றே வைப்பது வளைகுடா வழக்கம். ஞாயிறு பிறந்த பிறகுதான் வாசகத்தை வெளியிடுவேன் என்று உங்கள் மென்பொருள் அடம்பிடித்தால், அந்தப் பெண்ணுக்கு அது இரண்டு நாள் லேட். நம் ஊரிலேயே சனி மாலைத் திருப்பலி ஞாயிறு கணக்கில் சேர்த்தி. சரி, ஞாயிறு தேதியே போட்டு முன்கூட்டி அனுப்பிவிடலாமா? அதுவும் ஆபத்து. எதிர்காலத் தேதி போட்ட பதிவை அந்த நாள் வரும்வரை ரீடர்கள் மறைத்து வைக்கலாம் என்று விதியிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். வெளியிட்ட தேதி இன்றையதாகவே இருக்கட்டும்; ஞாயிறு என்பதைத் தலைப்பில் எழுதுங்கள். ஒரு வாரம் முன்னாலேயே போடுங்கள்.

பல தளங்களில் நான் பார்க்கும் பெரிய பிழை இதெல்லாம்கூட இல்லை. ஒரே ஓடையில் எல்லாவற்றையும் கொட்டுவது. ஆயர் பள்ளிக் கட்டடம் திறந்தார், ஆயர் குத்துவிளக்கு ஏற்றினார், ஆயருக்குப் பொன்னாடை, நடுவே நற்செய்தி, மறுபடி ஆயர். ரிப்பன் வெட்டும் போட்டோ பத்து வந்தால் வாசகம் அடியில் போய்விடும். வத்திக்கான் இதைப் பிரித்துச் செய்திருக்கிறது. அதன் பழைய தளம் 1995 கிறிஸ்துமஸ் அன்று வந்தது. ஜூடித் ஸோபெலைன் என்ற அமெரிக்கக் கன்னியாஸ்திரீயின் கைவண்ணம். சர்வர்களுக்கு ரபேல், மிக்கேல், கபிரியேல் என்று அதிதூதர்களின் பெயர். பல வருஷம் பழைய தோல் ஏடு மாதிரி மஞ்சள் பின்னணியை மாற்றாமல் வைத்திருந்தார்கள். தேடுவதற்குள் தாவு தீர்ந்துவிடும். ஆனாலும் அது ஆவணக் களஞ்சியம் என்பதில் குழப்பமில்லை. அன்றாடச் செய்திக்கு 2017 கடைசியில் வத்திக்கான் நியூஸ் என்று தனிக்கடை போட்டார்கள். தமிழும் அதில் உண்டு. ஓடை செய்திக் கடையில் இருக்க வேண்டியது; களஞ்சியத்துக்குத் தேவை நல்ல அட்டவணை. உங்கள் தளத்தில் செய்திக்கு ஒன்று, வாசகத்துக்கு ஒன்று, பூசை நேர மாற்றம், இறப்பு அறிவிப்புக்கு ஒன்று. மூன்றாவதுக்குத்தான் நிஜமான கிராக்கி இருக்கும், பாருங்கள்.

ஓடையில் முழுப் பாடமும் தருவதா, இரண்டு வரி காட்டி ‘மேலும் படிக்க’ என்று இழுப்பதா? முழுசாகக் கொடுங்கள் என்பது என் கட்சி. விதைக்கிறவன் கதையைச் சொல்லிக்கொண்டே விதையை ஷோகேஸில் பூட்டிவைப்பது நன்றாயில்லை. ஆனால் சொந்தச் சரக்கை மட்டும்தான் அப்படிக் கொடுக்க முடியும். தமிழ்க் கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு 1995-ல் வந்தது. காப்புரிமை தீர இன்னும் வெகுகாலம் இருக்கிறது. உரியவர்களிடம் ஒரு கடிதம் போட்டு அனுமதி வாங்கிவிடுங்கள். திருத்தந்தையின் எழுத்துகளுக்கும் வத்திக்கான் பதிப்பகம் 2005 முதல் உரிமை கோருகிறது. 2013-ல் போப் பிரான்சிஸின் முதல் சுற்றுமடலை ஒரு அமெரிக்க இளைஞர் ஆர்வக்கோளாறில் இ-புத்தகமாக்கி இலவசமாகக் கொடுத்தார். எடுத்துவிடச் சொன்னார்கள், எடுத்துவிட்டார். சட்டப்படி சரி. எனக்கென்னவோ அன்றைக்கு அவர் பக்கம்தான் மனசு போனது.

கடைசியாக, ஓடையைக் கையால் எழுதுகிறவர்களுக்கு. ஹெச்.டி.எம்.எல். மன்னிக்கிற ஜாதி. எதையாவது மூட மறந்தாலும் பிரவுசர் சமாளித்துக்கொள்ளும். எக்ஸ்.எம்.எல்.லிடம் பாவசங்கீர்த்தனமே கிடையாது, ஒரு எழுத்துத் தப்பினால் முழுக் கோப்பும் நிராகரிப்பு. ஒரு பங்குத் தளத்தில் திருமண அறிவிப்பு போட்டிருந்தார்கள், மூன்று ஞாயிறு கோயிலில் வாசிப்பார்களே, அது. மணமகன் பெயருக்கும் மணமகள் பெயருக்கும் நடுவில் ஆசையாக ஒரு ‘&’. எக்ஸ்.எம்.எல்.லில் அதைத் தனியாக விடக்கூடாது. அன்றோடு ஓடை நின்றது. மூன்று ஞாயிறும் முடிந்து, கல்யாணமும் ஆகி, அடுத்த ஜோடிக்கான அறிவிப்பும் தளத்தில் வந்துவிட்டது. அதிலும் ஒரு ‘&’.