முடத்தெங்கும் ஆசிரிய ஒழுக்கமும்

ஆசிரியர்களுக்கும் பாடசாலை ஊழியர்களுக்கும் தொழிலொழுக்கக் கோவையொன்று வேண்டும் என்னும் குரல் நம்மிடையே அடிக்கடி எழுவதுண்டு. பிள்ளையொன்றை ஆசிரியர் அடித்துக் காயப்படுத்தினார் என்ற செய்தி வந்தால் அது எழும். முதலாந் தரத்திற் பிள்ளையைச் சேர்ப்பதற்குப் பணம் கேட்கப்பட்டது என்ற முறைப்பாடு வந்தால் எழும். ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினாலோ இன்னும் உரத்து எழும். எழுந்த வேகத்திலேயே அது அடங்கியும் விடும். எஞ்சுவது பெரும்பாலும் ஒரு சுற்றுநிருபமே. அது அதிபரின் அலுவலகச் சுவரிற் சில காலம் தொங்கும்.

இந்நிலை ஏன் என்பதை நாம் ஆராய வேண்டும். ஒழுக்கக்கோவை தேவையா என்பதன்று இன்றைய கேள்வி. அது யாரால் எழுதப்படுவது, யாருடைய நலனை முன்வைப்பது, யாரையெல்லாம் கட்டுப்படுத்துவது என்பனவே கேள்விகள். இவற்றுக்கு விடை தேடுமுன் தமிழிலேயே நெடுங்காலம் வழங்கிவந்த ஆசிரிய ஒழுக்கக்கோவையொன்றை விமர்சன நோக்கோடு மறுபடியும் படித்துப்பார்ப்பது பயனுடையது.

13ஆம் நூற்றாண்டிற் சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோட்படி பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் பேசுமுன் ஆசிரியனையும் மாணாக்கனையும் பற்றிப் பேசுகின்றது. யாழ்ப்பாணத்திலே ஆறுமுகநாவலரின் காண்டிகையுரையோடு அதனைக் கற்ற தலைமுறைகள் பல. பொதுப்பாயிரத்துச் சூத்திரங்களை மனனஞ் செய்தோர் நம்மிடையே இன்றும் உளர். ஆயினும் அவற்றைப் பரீட்சைக்குரிய பாடமாகப் படித்த அளவுக்கு, ஒரு சமுதாயம் தன் ஆசிரியனிடம் எதனை எதிர்பார்த்தது என்று கூறும் சாசனமாக நாம் படிக்கவில்லை.

அச்சாசனத்திற் போற்றத்தக்கவை பல. நல்லாசிரியனுக்கு நிலத்தின் பொறுமையும் மலையின் நிலைபேறும் துலாக்கோலின் நடுநிலையும் மலரின் மென்மையும் உவமையாகின்றன. கற்பிக்கும் முறையைச் சொல்லுமிடத்து, அவசரப்படாமலும் சினங்கொள்ளாமலும் மலர்ந்த முகத்தோடு, கொள்பவன் எவ்வாறு கொள்வான் என்பதை அறிந்து, கோணாத மனத்தோடு கொடுக்க வேண்டும் என்கின்றது நூல். இன்றைய கல்வியியலாளர் பல பக்கங்களில் விரித்துரைப்பதன் சாரம் இதில் அடங்கியிருக்கிறது என்றால் அது மிகையாகாது.

இதனினும் கூர்மையானது ஆசிரியராகத் தகாதவர் பற்றிய பகுதி. பொறாமை, பேராசை, வஞ்சனை ஆகியவற்றோடு, கேட்போர் அஞ்சும்படி பேசுவதையும் அந்நூல் ஆசிரியருக்கு ஆகாத குற்றமாக எண்ணுகின்றது. அதன்பின் நான்கு உவமைகள் வருகின்றன. போட்ட ஒழுங்கில் எதனையும் திருப்பித் தராத கழற்சிக்காய்க் குடம் ஒன்று. தன்னை அணுகி ஏறவிடாது, பழம் தானே விழுந்தாலன்றிக் கொடாத மடற்பனை இன்னொன்று. வருந்தித் திணித்தாலன்றி உட்கொள்ளாது, வருந்தி இழுத்தாலன்றி வெளிவிடாத பஞ்சுக் குடுக்கை மூன்றாவது. நான்காவது முடத்தெங்கு. ஒருவர் வளவில் வேரூன்றி, அவர் வார்த்த நீரைக் குடித்து, வளைந்து சென்று அயலார் வளவிற் காய் சொரியும் தென்னை அது.

ஆசிரியத் தொழிலின் இன்றைய நோயை இந்த நான்காம் உவமையிலும் தெளிவாகச் சொல்ல முடியாது. 1945ஆம் ஆண்டு ஒக்ரோபர் முதலாந் திகதி தொடக்கம் இந்நாட்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கன்னங்கராவின் தலைமையில் நடந்த அம்முயற்சியின் பயனாக, கட்டணங் கொடுக்க இயலாதவன் பிள்ளைக்கும் பாடசாலைக் கதவு திறந்தது. மக்களின் வரிப்பணமே ஆசிரியரின் வேருக்கு வார்க்கப்படும் நீர். அந்நீரைப் பெற்றவர் வகுப்பறையிற் பாடத்தை அரைகுறையாக நிறுத்திவிட்டு, மிகுதியை மாலையில் ரியூட்டறியிற் பணத்துக்குக் கொடுப்பாராயின், அவர் முடத்தெங்கேயன்றி வேறல்லர். தம் வகுப்புப் பிள்ளையே தம் தனியார் வகுப்புக்கும் வந்தாக வேண்டும் என்ற நிலையை உண்டாக்குவது இதனிலும் கொடிது. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையின் பெயரால் இப்பழக்கம் பத்து வயதுப் பிள்ளையின் தலையிலும் ஏறியிருக்கின்றது. பணமில்லாத பிள்ளை முன்வரிசையில் இருந்தாலும் அயல்வளவுப் பிள்ளையே.

இவ்வளவு கூறும் நன்னூலை அப்படியே எடுத்து இன்றைய கோவையாக்கிவிடலாமா? முடியாது. நல்லாசிரியனின் தகுதிகளை எண்ணத் தொடங்கும்போதே அந்நூல் முதலில் வைப்பது குலத்தை. யாருக்கு நூலுரைக்கலாம் என்று எண்ணுமிடத்தில் ஆசிரியனின் மகனும், அவனுடைய ஆசானின் மகனும், அரசன் மகனும், பெரும்பொருள் தருபவனும், வழிபட்டு நிற்பவனும், சொன்னதை விரைந்து கொள்பவனும் இடம்பெறுகின்றனர். பிணியாளனும் மந்த புத்தியுள்ளவனும் கற்பிக்கத் தகாதோர் வரிசையில் வைக்கப்படுகின்றனர்.

இதற்காகப் பவணந்தியாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நம் நோக்கமன்று. நிலவுடைமைச் சமுதாயத்திற் கல்வி புரவலனின் ஆதரவில் வாழ்ந்தது. சிலருடைய செல்வமாக இருந்த அதனைக் காப்பாற்ற வேண்டுமாயிற் கொள்பவனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நூல் தன் காலத்தின் உண்மையைச் சொல்கின்றது. ஆனால் அக்காலம் போனபின்பும் அந்த மனப்பான்மை போகாதிருப்பதே நம்மை வருத்துவது. பெரிய இடத்துப் பிள்ளைக்கும் நன்கொடை கொடுப்பவர் பிள்ளைக்கும் பரீட்சையில் விரைந்து சித்தியடையக்கூடிய பிள்ளைக்கும் கிடைக்கும் கவனம், கடைசி வாங்கிலிருக்கும் பிள்ளைக்குக் கிடைக்கின்றதா? பழைய பட்டியல் ஏட்டில் மட்டுமா இருக்கின்றது?

யாழ்ப்பாணத்தின் அண்மை வரலாறு இதற்குச் சான்று. 1930ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில், உதவி நன்கொடை பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சமமாக ஒரே ஆசனத்தில் இருக்க வேண்டும் என்ற விதி வந்தபோது அதற்கெழுந்த எதிர்ப்புச் சிறிதன்று. பாடசாலைகள் எரிக்கப்பட்டமையும் அவ்வரலாற்றின் பகுதியே. விதி காகிதத்தில் இருந்தது. பிள்ளை தரையில் இருந்தது. அந்த நாளிற் சமாசனத்தை ஆதரித்து நின்றவர்களுள் ஆசிரியரும் இருந்தனர். யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் முன்னோடியான ஹன்டி பேரின்பநாயகம் ஓர் ஆசிரியரே. அவர்களுக்கு ஒழுக்கத்தைக் கற்பித்தது சுற்றுநிருபமன்று. தம் தொழில் யாருக்காக என்ற தெளிவே அவர்களை நிமிர்ந்து நிற்கச் செய்தது.

இலவசக் கல்வி ஆசிரிய ஒழுக்கத்தின் அடிப்படையையே தலைகீழாக்கியது என்பதை நாம் உணர வேண்டும். முன்னர் ஆசிரியன் மாணாக்கனைத் தேர்ந்தான். இன்று பாடசாலைக்கு வரும் ஒவ்வொரு பிள்ளையும் உரிமையோடு வருகின்றது. பிணியுற்றதும், மெல்லக் கற்பதும், பசியோடு வருவதும், போரில் தந்தையை இழந்ததும் அவ்வாறே. எனவே ஆசிரிய ஒழுக்கத்தின் உரைகல், தனக்கு எதுவும் தர இயலாத பிள்ளையிடம் ஆசிரியர் எவ்வாறு நடந்துகொள்கின்றார் என்பதேயாகும்.

அச்சத்தின் ஆட்சியையும் இங்கேயே கூற வேண்டும். உடற்றண்டனையை விலக்கி 2005ஆம் ஆண்டிலும் 2016ஆம் ஆண்டிலும் கல்வியமைச்சு சுற்றுநிருபங்களை வெளியிட்டது. இரண்டாவது தேவைப்பட்டதே முதலாவதன் கதியைச் சொல்லும். ஆசிரியரின் அடியால் மாணவனொருவன் பாதிக்கப்பட்ட வழக்கில், அவனுடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என 2021ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் வரை போகக்கூடிய பெற்றோர் எத்தனை பேர்? கூலித்தொழிலாளியின் பிள்ளை அடிபட்டால் அது வீட்டிலுஞ் சொல்லாது. சொன்னால், படிக்காததற்காக வீட்டிலும் ஓர் அடி விழும்.

சுற்றுநிருபம் தோற்பதற்குக் காரணம் உண்டு. அது மேலிருந்து வருவது. கட்டளையிடுகின்றது, ஆனால் கட்டளையிடுபவரைக் கட்டுப்படுத்துவதில்லை. 1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி நன்கொடைப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்குமுன், முகாமையாளரின் தயவே ஆசிரியரின் சீவனம். அவருக்கு அடங்கி நடப்பதே நல்லொழுக்கம் எனப்பட்டது. பொறுப்பேற்றபின் முகாமையாளரின் இடத்திற்கு அரசியல்வாதி வந்தார். இடமாற்றக் கடிதம் அவர் கைப்பிரம்பாயிற்று. அஞ்சி வாழும் ஆசிரியர் அச்சத்தையே கற்பிப்பார்.

இவ்விடயத்தில் உலக ஆசிரியர் இயக்கத்தின் அனுபவம் நமக்கு வழிகாட்டுகின்றது. 1966ஆம் ஆண்டு ஒக்ரோபர் 5ஆந் திகதி பாரிஸ் மாநகரில் ஆசிரியரின் அந்தஸ்துப் பற்றிய பரிந்துரை நிறைவேற்றப்பட்டது. யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் சேர்ந்து உருவாக்கிய அப்பரிந்துரையில் 146 பந்திகள் உள்ளன. ஒழுக்கக்கோவைகளை ஆசிரியர் அமைப்புகளே வகுக்க வேண்டும் என்று அது தெளிவாகக் கூறுகின்றது. சம்பளம், வேலை நேரம், வகுப்பின் அளவு ஆகியவற்றையும் அதே ஆவணத்திற் பேசுகின்றது. 2001ஆம் ஆண்டில் தாய்லாந்தின் யொம்தியென் நகரிற் கூடிய சர்வதேசக் கல்வி அமைப்பின் மாநாடு தொழிலொழுக்கப் பிரகடனமொன்றை ஏற்றது. மாணவர், சக ஆசிரியர், பெற்றோர் ஆகியோருக்கு ஆசிரியர் ஆற்றவேண்டிய கடமைகளோடு, ஆசிரியருக்குச் சமுதாயம் ஆற்றவேண்டிய கடமையையும் அது சேர்த்துக்கொண்டது. கடமை இருவழிப் பாதை என்பதே இவற்றின் பொருள்.

நம் நாட்டில் அப்பாதையின் ஒரு பக்கமே திறந்திருக்கின்றது. மலையகத்தைப் பாருங்கள். தோட்டப் பாடசாலைகளை 1977ஆம் ஆண்டு தொடக்கம் படிப்படியாகவே அரசு பொறுப்பேற்றது. அதற்குமுன் ஓர் அறையில் ஓர் ஆசிரியர் எல்லா வகுப்புகளையும் கட்டி மேய்த்தார். பிற்காலத்தில் ஆசிரிய உதவியாளர் என்ற பெயரில் நியமனம் பெற்ற இளைஞரும் யுவதியரும், முழு ஆசிரியரின் வேலையைச் செய்து சிறியதொரு மாதக் கொடுப்பனவைப் பெற்றனர். அரைச் சம்பளத்துக்கு முழு ஒழுக்கம் கேட்பவர் தாமே ஒழுக்கந் தவறியவர். 2021ஆம் ஆண்டு யூலையில், இருபதாண்டுகளுக்கு மேலாகத் தீராத சம்பள முரண்பாட்டுக்காக ஆசிரியர்களும் அதிபர்களும் இணையவழிக் கற்பித்தலை நிறுத்தியபோது, பிள்ளைகளைப் பணயம் வைப்பதா என்று கேட்டவர் பலர். அந்த இருபதாண்டுகளாகப் பிள்ளைகளின் ஆசிரியரைப் பணயம் வைத்தவர் யார் என்று கேட்டவர் சிலரே.

எனினும் ஆசிரியர் சங்கங்களும் ஒரு கேள்விக்கு விடையளிக்க வேண்டும். சம்பளத்துக்காக எழும் அதே குரல், பிரம்புக்கு எதிராக ஏன் எழுவதில்லை? ரியூட்டறிக்கு வளையும் தென்னையைப் பற்றி ஏன் மௌனம்? உறுப்பினர் தவறிழைத்தால் அவரைக் காப்பதே சங்கத்தின் கடமை என்றிருந்தால், ஒழுக்கத்தை வகுக்கும் உரிமையைச் சங்கம் தானே அதிகாரிகளின் கையிற் கொடுத்ததாகும். வறுமை ஆசிரியரின் துன்பத்தை விளக்கும். அதனிலும் வறிய பிள்ளையைச் சுரண்டுவதற்கு நியாயமாகாது.

ஆகவே நாம் வேண்டும் கோவை நீண்டதாக இருக்கத் தேவையில்லை. எந்தப் பிள்ளையையும் அடிக்கவோ அவமானப்படுத்தவோ கூடாது. தன் வகுப்புப் பிள்ளையிடம் பணம் பெற்றுக் கற்பிக்கக் கூடாது. சாதி, மதம், இனம், பால், செல்வம் பார்த்து இடமளிக்கக் கூடாது. அனுமதிக்கு விலை வைக்கும் அதிபரையும், சான்றிதழுக்கு அலைக்கழிக்கும் எழுதுவினைஞரையும், ஏழைத் தாயை வாயிலில் அதட்டும் காவலாளியையும் அது ஒருங்கே கட்டுப்படுத்த வேண்டும். உரிய சம்பளத்தையும் பழிவாங்கலற்ற இடமாற்றத்தையும் வழங்குமாறு அரசையும் கட்டுப்படுத்த வேண்டும். முறைப்பாட்டை விசாரிக்கும் சபையில் ஆசிரியரோடு பெற்றோரும் இருக்க வேண்டும். அச்சபையிற் பிள்ளையின் சொல்லுக்கும் மதிப்பிருக்க வேண்டும்.

இதனை எழுதவேண்டியவர் ஆசிரியரே. தம் சங்கக் கூட்டங்களில் விவாதித்து, தம் மொழியில் எழுதி, தாமே ஏற்றுக்கொள்ளட்டும். நீர் வார்ப்பவர் உழைக்கும் மக்கள். அவர்கள் வளவிலேயே காய் விழட்டும்.