விகுதியில் இருக்கிறது சாதி

'தமிழ்ப் பண்பாடு எல்லோருக்கும் பொது' என்று மேடையில் சொல்கிறார்கள. நான் மறுக்கப் போவதில்லை. பொதுவாக இருப்பதுதான் சிக்கலே. ஆண்டைக்கும் பண்ணையாளுக்கும் ஒரே இலக்கணம் தெரிந்திருக்கிறது. யாரை 'வாங்க' என்பது, யாரை 'வாடா' என்பது என்று எந்தப் பள்ளிக்கூடத்திலும் பாடம் இல்லை. ஆனால் ஐந்து வயசுப் பிள்ளைக்கும் தெரியும், எழுபது வயசுக் கிழவருக்கும் தெரியும். பிள்ளை கிழவரைப் பேர் சொல்லிக் கூப்பிடும். கிழவர் துண்டை இடுப்புக்கு இறக்கிக்கொண்டு 'ஐயா' என்பார். இதை எங்க ஊரிலேயே பார்த்து வளர்ந்தவன் நான்.

பாமாவின் 'கருக்கு' (1992) இதை ஒளிக்காமல் எழுதியது. நாயக்கர் வீட்டுச் சின்னப் பயல்கள் பாட்டியைப் பேர் சொல்லி ஏவுகிறார்கள். பாட்டி அவர்களை 'ஐயா' என்கிறார். தெருப் பெரியவர் ஒருவர் வடைப் பொட்டலத்தைக் கைபடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போகிறார். அந்த நூலைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு நாம் பாட்டியின் 'ஐயா'வைப் பேசுவதில்லை. பொட்டலத்தைக் கீழே போட்டுவிடலாம். நாக்கில் ஏறியதை எப்படி இறக்குவது? இவர்களை விட்டால் நமக்குப் பிழைப்பேது என்கிறார் பாட்டி. கூலி அவர்கள் கையில் இருந்தது, 'ஐயா' இவர் வாயில் இருந்தது.

எம்.ஏ.யில் தொல்காப்பியக் கிளவியாக்கம் படித்தேன். ஒருவரைப் பன்மையால் சொல்வது இலக்கண நெறியல்ல, வழக்கில் வந்த உயர்சொல் என்கிறது அது. யாருடைய வழக்கு, யாரை உயர்த்த என்று வகுப்பில் பேச்சே எழவில்லை.

இந்தக் கேள்வியோடு நம் புனைகதைகளைத் திறந்து பாருங்கள். பாத்திரங்கள் பேசுவதை விடுங்கள், கதைசொல்லியைக் கவனியுங்கள். எத்தனை கதைகளில் பண்ணையார் 'வந்தார்', அவர் வயசே ஆன பண்ணையாள் 'வந்தான்'! கதைசொல்லி எல்லோரையும் ஒன்றாகப் பார்ப்பவர் என்றல்லவா சொல்கிறார்கள்? அவரும் ஒரு தெருவில்தான் நிற்கிறார். எந்தத் தெரு என்பதை விகுதி காட்டிக்கொடுத்துவிடுகிறது. இரக்கத்தோடு எழுதப்பட்ட கதைகளும் இதற்குத் தப்பவில்லை.

நாம் மட்டும் தப்பினோமா? இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' (1994) நாவலின் ஆரோக்கியம், சேரிக்குத் துணி வெளுக்கும் புதிரை வண்ணார் பெண். பிள்ளைப்பேறு பார்க்கிறார், சாவுச் சடங்கு செய்கிறார், இரவில் வீடுவீடாகச் சோறெடுக்கிறார். அவர் வாயில் எல்லோரும் 'சாமி'. அவருக்குத் திரும்பக் கிடைப்பது ஒருமை. மேலேயிருந்து வாங்கியதை அப்படியே கீழே இறக்கி வைக்கிறோம். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த கட்டுரையில் அம்பேத்கர் இதைத்தான் சொன்னார். சாதி ஒரு மனுவின் கட்டளையால் உண்டானதல்ல. மேலே இருப்பவனைப் பார்த்துப் பார்த்துச் செய்ததால் பரவியது. இந்நாட்டு மக்களுக்குள் பண்பாட்டு ஒற்றுமை உண்டு என்பதையும் அவர் ஒப்புக்கொண்டார். ஒன்றாயிருந்ததைத் துண்டு போட்டதே சாதி என்றார்.

சரி, எல்லோருக்கும் 'ர்' போட்டுவிட்டால் தீர்ந்ததா? தீராது. எங்க தெருவில் ஆத்தாளை 'நீ' என்கிறோம், 'ஏ கெழவி' என்று கொஞ்சுகிறோம். அதில் இழிவு கிடையாது. அவளும் 'என்னடா' என்று திருப்பிக் கூப்பிடலாம். போகவும் வரவும் வழியுள்ள ஒருமை உறவு. ஒரு பக்கமாக மட்டும் போகிற ஒருமை சாதி.

சாதிப் பேர் சொல்லிப் பொதுவில் வைதால் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடலாம். வினைமுற்றின் மேல் எந்த ஸ்டேசனில் புகார் கொடுப்பது? அந்த வழக்கை எழுதுகிற நாம்தான் நடத்த வேண்டும். நம் கதைகளில் தாத்தா எப்படி வருகிறார், ஆண்டை எப்படி வருகிறார், ஆரோக்கியத்தைப் போன்றவர் எப்படி வருகிறார் என்று வரிவரியாகப் பார்ப்போம். தெருவிலும் பார்ப்போம். தோழர்களே, 'ஆண்டை வந்தான்' என்று ஒரு வரி எழுதிப் பாருங்கள். புதிரை வண்ணார் வீட்டு வாசலில் நின்று 'வாங்க' என்று கூப்பிட்டுப் பாருங்கள். கையோ வாயோ தயங்கினால், அந்தத் தயக்கத்துக்குப் பேர்தான் பண்பாடு.