ஒலிபெருக்கித் தொகுப்பு: வகுப்புக்கு வாங்கலாமா?

கேட்டல் கருத்தறிதல் பயிற்சி நடக்கும்போது பின்வரிசையிலிருந்து "சரியா கேக்கல டீச்சர்" என்று குரல் வருவது நமக்குப் பழகிப்போன ஒன்று. நாமே பாகங்களைப் பொருத்திச் செய்யும் ஒலிபெருக்கித் தொகுப்பை வாங்கினால் என்ன, மாணவர்களுக்கும் ஒரு நடவடிக்கையாச்சே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். சிம் லிம் டவர் பக்கம் போனாலோ இணையத்தில் தேடினாலோ சிறிய தொகுப்புகள் சில வெள்ளிக்கே கிடைக்கின்றன. ஆனால், எதற்காக வாங்குகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

சிக்கல் சொல்லிலேயே தொடங்குகிறது. ஸ்பீக்கரையும் 'ஒலிபெருக்கி' என்கிறோம், ஆம்ப்ளிஃபயரையும் 'ஒலிபெருக்கி' என்கிறோம். இத்தகைய தொகுப்புகள் பலவற்றில் வருவது ஆம்ப்ளிஃபயர் மட்டும்தான். ஸ்பீக்கர், அடாப்டர், பெட்டி எல்லாம் தனிச்செலவு. சால்டரிங் கருவியும் வேண்டும். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், கடையில் ஆயத்தமாக விற்கும் ஸ்பீக்கரே மலிவு என்று ஆகிவிடலாம்.

அடுத்து, 'வாட்' கணக்கு. அட்டையில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். பி.ஏ.எம்.8403 என்ற பிரபலமான சில்லு 5 வோல்ட்டில் 3 வாட் தரும் என்பது உண்மை. ஆனால், அந்த அளவில் ஒலியில் 10 விழுக்காடு சிதைவு இருக்கும். பாட்டுக்குப் பரவாயில்லை என்று சிலர் சொல்லலாம். ல, ள, ழ வேறுபாட்டைக் காதால் பிரித்தறியப் பழகும் மாணவருக்கு அது சரிவராது. மேலும், வாட்டை இருமடங்காக்கினால் கூடுவது 3 டெசிபல்தான். காதுக்கு அது சிறு மாற்றம். இருக்கிற ஸ்பீக்கரை வகுப்பின் நடுவே நகர்த்தி வைத்துப் பாருங்கள். காசு செலவில்லாமல் அதைவிட நல்ல பலன் கிடைக்கலாம்.

அப்படியானால் தொகுப்பே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். எழுத்துப் பயிற்சிக்கு இது அருமையான வளம். எல்.எம்.386 சில்லு உள்ள தொகுப்பு 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கும். ஒரு வாட்டுக்கும் குறைவான ஒலிதான். ஒரு குழு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கேட்கப் போதும். அதன் செய்முறைக் குறிப்பை மாணவர்களையே தமிழில் எழுதச் சொல்லுங்கள். "மின்தேக்கியைப் பொருத்தவும்" என்று எழுதினால் போதாது. மின்பகுளி மின்தேக்கியின் நீளமான கால் கூட்டல் குறியுள்ள துளையில் நுழைய வேண்டும். சில்லின் வெட்டுக்குறி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு குழு எழுதியதை இன்னொரு குழு படித்துப் பொருத்தட்டும். வாக்கியம் தெளிவில்லாவிட்டால் கருவி பேசாது! நாம் சிவப்பு மையில் வட்டமிடுவதைவிட அந்த மௌனம் மாணவருக்கு நன்றாகப் புரியும்.

சொல்வளத்துக்கும் இடமுண்டு. ஆம்ப்ளிஃபயரைத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'பெருக்கி' என்கின்றன, இலங்கைப் பாடநூல்கள் 'விரியலாக்கி' என்கின்றன. எது பொருத்தம் என்று வகுப்பில் விவாதிக்க விடலாம்.

பாதுகாப்பில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். சுவர் மின்சாரத்தில் நேரடியாக இணைக்கும் தொகுப்பை வாங்காதீர்கள். சால்டரிங் கருவியின் முனை 300 டிகிரி செல்சியஸையும் தாண்டும். வடிவமைப்பு, தொழில்நுட்பப் பாட ஆசிரியரின் துணையோடு அவர்களின் பட்டறையிலேயே செய்யுங்கள். கண்ணாடி அணிவதும் முடித்ததும் கை கழுவுவதும் கட்டாயம்.

என் தீர்ப்பு இதுதான்: தெளிவான ஒலி வேண்டும் என்றால் ஆயத்த ஸ்பீக்கரை வாங்குங்கள். தெளிவான தமிழ் எழுத வைக்க வேண்டும் என்றால் தொகுப்பை வாங்குங்கள், அதுவும் முதலில் ஒன்றே ஒன்று. நீங்களே ஒருமுறை பொருத்திப் பார்த்துவிட்டு, பிறகு வகுப்புக்குத் தேவையானதை வாங்கலாம்.