எர்த் மீட்டர் சொல்லாதது

மைக்ரோவேவ் இணைப்பு ஒன்றை நிறுவி ஒப்படைக்கும்போது படிவத்தில் எத்தனையோ கட்டங்கள் நிரம்புகின்றன. ஆனால் சரிபார்க்க வருபவரின் கண் நிற்பது இரண்டு எண்களில்தான். ஒன்று, எதிர்முனை டவரிலிருந்து வந்து சேரும் சிக்னலின் அளவு. மற்றது, எர்த் குழியின் மின்தடை. முதல் எண் கணக்கிட்டதற்கு இரண்டு மூன்று டெசிபலுக்குள் இருந்து, இரண்டாவது எண் ஒப்பந்தம் கேட்ட ஓமுக்குக் கீழே நின்றுவிட்டால் வேலை முடிந்தது, கையெழுத்து விழும்.

இரண்டுமே தேவையான எண்கள்தான். ஆனால் முதல் எண் அதற்குக் கிடைக்கும் மதிப்புக்குத் தகுதியானது. இரண்டாவது எண் அதன் தகுதிக்கு மீறிய மதிப்பைப் பெற்றிருக்கிறது. நம் டவர்களில் நடக்கும் நிறுவல் முறையின் பலமும் பலவீனமும் இந்த வேறுபாட்டில் அடங்கியிருக்கின்றன.

பலத்தை முதலில் பார்ப்போம். பழைய நிலையங்களில் ரேடியோ முழுவதும் கீழே அறைக்குள் இருந்தது. அங்கிருந்து உச்சியில் உள்ள டிஷ் வரை அலைக்குழாய் ஏறியது. ஈரம் சேராமலிருக்க அதற்குள் உலர்ந்த காற்றை ஓயாமல் செலுத்த வேண்டும். டவர் உயரம் கூடக் கூட, குழாய் தின்னும் சிக்னலும் கூடும். இன்று பரவலாக இருப்பது பிரிந்த அமைப்பு. டிஷ்ஷின் முதுகில் வெளி அலகான ஓடியு, ஷெல்டருக்குள் உள் அலகான ஐடியு, இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு கோஆக்சியல் கேபிள். போகும் சிக்னல், வரும் சிக்னல், ஓடியுவுக்கு வேண்டிய மைனஸ் 48 வோல்ட் மின்சாரம் மூன்றும் அந்த ஒரு கேபிளிலேயே பயணிக்கின்றன. பழுதானால் ஓடியுவைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். கைதேர்ந்த சிறு குழு ஒரே நாளில் ஒரு முனையை முடித்துவிடும்.

திட்டமிடலும் கணக்கில் தேறிய கலையாகிவிட்டது. 7 கிகாஹெர்ட்ஸில் 30 கிலோமீட்டர் இணைப்பு என்றால், வழியின் நடுவே முதல் ஃப்ரெனெல் வளையத்தின் ஆரம் ஏறத்தாழ 18 மீட்டர். அதில் 60 விழுக்காடு, அதாவது 11 மீட்டர் அளவுக்காவது தடையில்லாமல் இருக்க வேண்டும். பூமியின் வளைவு அதே இடத்தில் 13 மீட்டர் போல மேடிடும்; வளரும் மரத்துக்கும் இடம் விட வேண்டும். இவற்றைக் கூட்டினால் டவரின் உயரம் வந்துவிடுகிறது. ஊகத்துக்கு இங்கே வேலை குறைவு.

டிஷ்ஷைத் திருப்பிப் பொருத்தும் வேலையிலும் அதே தெளிவு உண்டு. 15 கிகாஹெர்ட்ஸில் 1.2 மீட்டர் டிஷ்ஷின் கதிர் அகலம் 1.2 டிகிரிக்குச் சற்று முன்பின். மேலே போல்டில் ஒரு சிறு திருகல், 20 கிலோமீட்டர் தள்ளி நூற்றுக்கணக்கான மீட்டர் இடப்பெயர்ச்சியாகிவிடும். இதைவிடப் பெரிய பொறி பக்கக் கதிர். முதன்மைக் கதிருக்கு இருபுறமும் அதைவிடச் சுமார் 20 டெசிபல் குறைந்த பக்கக் கதிர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில் டிஷ் நின்றுவிட்டாலும் இணைப்பு ஓடும். அனலாக் காலத்தில் குறை இரைச்சலாகக் காதில் விழுந்தது. டிஜிட்டல் ரேடியோ பிழைதிருத்தக் குறியீட்டாலும், நிலைமைக்கேற்பப் பண்பேற்றத்தை மாற்றிக்கொள்ளும் திறனாலும் குறையை மறைத்துவிடுகிறது. வெயில் நாளில் ஒன்றும் தெரியாது; முதல் கனமழையில் இணைப்பு அறுந்து விழும்.

இந்த ஏமாற்றை உடைப்பது அந்த முதல் எண்தான். கணக்குப்படி மைனஸ் 38 டிபிஎம் வர வேண்டிய இடத்தில் மைனஸ் 58 வந்தால், இணைப்பு எவ்வளவு அழகாக ஓடினாலும் அது தவறு. டிஷ்ஷை இடமும் வலமும் முழுக்க ஓட்டி மூன்று உச்சங்களையும் பார்த்து, நடுவில் உள்ளதில் நிறுத்தச் சொல்லும் விதி இதற்காகத்தான். எந்தக் கேள்விக்கு விடை வேண்டுமோ அதையே இந்த எண் அளக்கிறது. அதனால்தான் அதை நம்பலாம்.

இப்போது எர்த்துக்கு வருவோம். இங்கேயும் எழுதிவைத்த விதிகள் நல்லவை. கேபிளின் வெளிக்கவசத்தை உச்சியில் ஓடியு அருகிலும், டவரை விட்டு ஷெல்டர் பக்கம் திரும்பும் இடத்திலும், சுவருக்குள் நுழையும் முன்பும் எர்த் கிட் போட்டு இணைக்க வேண்டும். டவர் மிக உயரமானால் நடுவிலும் ஒன்று. எர்த் கம்பி கீழ்நோக்கியே போக வேண்டும், சட்டென்று மடியக் கூடாது. தோல் உரித்த இடத்தின் மேல் ஒட்டும் ரப்பர் டேப்பையும் அதன் மேல் பிவிசி டேப்பையும், கூரைக்கு ஓடு வேய்வதுபோல், கீழிருந்து மேலாகச் சுற்ற வேண்டும். ஒவ்வொரு விதிக்கும் பின்னால் காரணம் இருக்கிறது.

சிக்கல், இவை அனைத்தின் வெற்றியையும் கடைசியில் எர்த் குழியின் ஓமைக் கொண்டு தீர்மானிப்பதில் தொடங்குகிறது. ஒப்பந்தங்கள் 1 ஓம் என்றோ 5 ஓம் என்றோ கேட்கின்றன. அதை எட்டக் குழிக்கு மேல் குழி தோண்டப்படுகிறது. ஒரு சாதாரண மின்னலின் முதல் வீச்சு 30,000 ஆம்பியர் அளவுக்கு எழும். 5 ஓம் எர்த்தில் அது இறங்கினால் டவரின் அடி 1,50,000 வோல்ட்டுக்கு உயரும். பாடுபட்டு 1 ஓமுக்குக் குறைத்தால் 30,000 வோல்ட். சில வோல்ட் கூடினாலே கருகும் மின்னணுச் சில்லுக்கு இந்த இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை.

அடுத்த சிக்கல் இன்னும் அடிப்படையானது. எர்த் டெஸ்டர் அளப்பது தாழ்ந்த அதிர்வெண்ணில். மின்னலோ சில மைக்ரோ விநாடியில் உச்சத்துக்கு ஏறுகிறது. அந்த வேகத்தில் கம்பியின் மின்தடையைவிட அதன் தூண்டம்தான் பேசும். ஒரு மீட்டர் கம்பிக்கு ஏறத்தாழ 1 மைக்ரோஹென்றி. 30,000 ஆம்பியர் 3 மைக்ரோ விநாடியில் ஏறினால், அந்த ஒரு மீட்டரின் இரு முனைகளுக்கு இடையே 10,000 வோல்ட். மின்னோட்டம் பல வழிகளில் பிரிந்து, பத்தில் ஒரு பங்கே ஒரு கம்பியில் போனாலும் மீட்டருக்கு 1,000 வோல்ட் நிற்கும். ஷெல்டருக்குள் அழகுக்காகச் சுவரோரம் வளைத்து வளைத்துக் கொண்டுபோன எர்த் கம்பி, டெஸ்டரில் பூஜ்யம் காட்டும். மின்னலுக்கு அது கிட்டத்தட்டத் துண்டித்த கம்பி.

தொலைவில் ஈரமான இடம் பார்த்துக் குழி தோண்டி, நீண்ட பட்டையால் டவருடன் இணைக்கும் பழக்கத்துக்கும் இதே கதிதான். ஓம் இறங்கும். ஆனால் மின்னலின் வேகத்தில், புதைத்த கம்பியின் தொடக்கப் பகுதி மட்டுமே வேலை செய்யும்; தொலைவிலுள்ள குழிக்குச் செய்தி போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். மின்னல் காப்புக்கான பன்னாட்டுத் தரம் ஐஇசி 62305, முடிந்தால் 10 ஓமுக்குக் கீழ் போதும் என்று பொதுப்படச் சொல்லிவிட்டு, எர்த் அமைப்பின் வடிவத்துக்கும் அளவுகளுக்குமே முதன்மை தருகிறது. இந்தியா அதையே தன் தரமாகவும் ஏற்றிருக்கிறது. டவரைச் சுற்றி ஒரு வளையம், ஷெல்டரைச் சுற்றி ஒரு வளையம், இரண்டும் பல இடங்களில் பிணைப்பு: வடிவம் என்பது இதுதான்.

பறக்கும் விமானத்தை மின்னல் தாக்குவது அரிய செய்தி அல்ல. அதற்கு எர்த் குழி ஏது? அதன் உடல் முழுவதும் ஒன்றாகப் பிணைந்திருப்பதால், மொத்தமும் சேர்ந்தே பல லட்சம் வோல்ட்டுக்கு ஏறி இறங்குகிறது. உள்ளே இருக்கும் கருவிக்கு வேறுபாடே தெரிவதில்லை. ரேடியோவைக் கொல்வது உயர்ந்த மின்னழுத்தம் அல்ல, அதன் இரு முனைகளுக்கு இடையிலான வேறுபாடு.

இதை மறந்ததால் விளைந்த மிகக் கெட்ட பழக்கம், ‘இடிதாங்கிக்குத் தனி எர்த், உபகரணத்துக்குத் தனி எர்த்’ என்பது. மின்னலின் அழுக்கு உபகரணத்துக்கு வரக்கூடாது என்ற நல்ல நோக்கம்தான். நடப்பது நேர் எதிர். டவரின் எர்த் பல்லாயிரம் வோல்ட்டுக்கு எகிற, பக்கத்துக் குழி தரையோடு நிற்கிறது. அந்த வேறுபாட்டைச் சமன் செய்ய இருக்கும் ஒரே பாலம் கேபிள். அதன் ஒரு முனையில் ஓடியு, மறு முனையில் ஐடியு. இந்திய மின்சார விதிகள், 1956, மோட்டார் போன்றவற்றின் உடலுக்குத் தனித்தனியான இரண்டு எர்த் இணைப்புகளைக் கேட்டன. ஒன்று அறுந்தாலும் மற்றது காக்கட்டும் என்பது அதன் பொருள். இரண்டு எர்த்தையும் ஒன்றோடொன்று சேராமல் பிரித்துவை என்று அந்த விதி எங்கும் சொல்லவில்லை. ஆனால் களத்தில் அப்படிப் படித்துக்கொண்டவர்கள் உண்டு. தொலைவிலுள்ள டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் மின்வாரிய லைனும் இன்னொரு தூர எர்த்தைச் சுமந்து வருகிறது. ஷெல்டர் வாசலிலேயே சர்ஜ் காப்பான் வைத்து அதையும் மற்ற எர்த் கம்பிகள் சேரும் பஸ்பாரிலேயே கட்டாவிட்டால், மற்ற பிணைப்பெல்லாம் இருந்தும் பயனில்லை.

ஓம் எண்ணுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. 230 வோல்ட் லைன் தவறி உடல் உலோகத்தைத் தொட்டு, மின்னோட்டம் திரும்ப மண்ணை மட்டுமே நம்பியிருந்தால், 1 ஓமில் 230 ஆம்பியர் வரை பாய்ந்து ஃபியூஸ் உடனே போகும். 5 ஓமில் 46 ஆம்பியர், ஃபியூஸ் தயங்கலாம். டவர் காலைத் தொடும் மனிதருக்கு அந்த வேறுபாடு உயிர் விஷயம். தவிர, ஒப்பந்தத்தில் எழுதவும், கருவியில் அளக்கவும், வழக்கு வந்தால் காட்டவும் ஓர் எண் வேண்டும். பிணைப்பின் தரத்தை அப்படி ஒற்றை எண்ணில் அடக்க முடியாது. இந்த வசதிதான் ஓமை அரியணையில் ஏற்றியது. ஆள் காப்புக்கான அளவுகோல் மெல்ல மின்னல் காப்புக்கும் சான்றாகிவிட்டது.

அந்தச் சான்றும் பருவத்தோடு மாறுவது. ஐப்பசி மழைக்குப் பின் அளந்த குழி சித்திரையில் வேறு எண் காட்டும். கோடை இடியும் சித்திரை வைகாசியில்தான். சோதனைக்கு முன் குழியில் இரண்டு குடம் தண்ணீர் ஊற்றினால் எண் பணிந்துவிடும் என்பது களத்தில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை. உப்பும் கரியும் இட்ட பழைய குழியில் மழைதோறும் உப்பு கரைந்து போகிறது. இருக்கும்வரை அது மின்வாயையும் அரிக்கிறது. நீலகிரி, கொடைக்கானல் பாறை உச்சிகளிலோ எவ்வளவு தோண்டினாலும் 1 ஓம் எளிதில் கிடைக்காது. அங்கே அந்த எண்ணைத் துரத்தும் செலவை வளையப் பிணைப்புக்குத் திருப்புவதே அறிவு.

விதிகளுக்குள்ளேயே முரண்களும் உண்டு. ஒவ்வொரு எர்த் கிட்டும் கேபிளின் தோலில் போடும் காயம். டேப் சரியாகச் சுற்றாவிட்டால் தண்ணீர் அதன் வழியே இறங்கி, மின்னல் செய்யாத சேதத்தைச் செய்துவிடும். துத்தநாகம் பூசிய டவர் காலில் செம்பு லக்கை நேரடியாக முடுக்கினால், தூத்துக்குடி, நாகப்பட்டினம் உப்புக் காற்றில் பூச்சு முதலில் அரிபடும், தொடர்பு பின்னால் போகும். வெள்ளீயம் பூசிய லக் வேண்டும் என்று ஏட்டில் இருக்கிறது. செம்புப் பட்டையோ திருடர்களுக்குப் பிரியமானது. இரும்புப் பட்டை அதற்கு மாற்றாக வந்ததில் குறையில்லை, மூட்டுகளை எவரும் திரும்பிப் பார்க்காததில்தான் குறை.

இவற்றுக்கு மேல் ஓர் உரிமைச் சிக்கல். இன்று டவர் ஒரு நிறுவனத்துடையது, அதில் தொங்கும் ரேடியோக்கள் வேறு பல நிறுவனங்களுடையவை, ஏறி மாட்டுபவர் துணை ஒப்பந்தக்காரரின் ஆள். குழியின் ஓமுக்குப் பொறுப்பு டவர்காரர். ஓடியுவின் எர்த் முனையிலிருந்து பஸ்பார் வரையிலான கம்பிக்குப் பொறுப்பு ரேடியோக்காரர். ‘கம்பத்தைத் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறது’ என்று விட்டுப்போகும் லக், பெயின்ட்டைச் சுரண்டாமல் முடுக்கிய கிளாம்ப், எல்லாம் இந்த இரண்டு பொறுப்புகளுக்கு இடையிலுள்ள சில மீட்டரில் நேர்கின்றன. மின்னல் சேதம் செய்வதும் அந்தச் சில மீட்டரில்தான். குழிக்கு வைத்த டெஸ்டர் அந்த இடத்தைப் பார்ப்பதே இல்லை.

ஆகவே முறையைத் தூக்கியெறியத் தேவையில்லை. அதன் அளவுகோலைத் திருத்தினால் போதும். ஓம் அளவீடு ஆள் காப்புக்காக இருக்கட்டும், ஆனால் வறண்ட பருவத்தில் எடுக்கட்டும். அதன் பக்கத்திலேயே இன்னொரு கட்டம் வேண்டும்: ஓடியு உடலிலிருந்து பஸ்பார் வரை, டவர் காலிலிருந்து ஷெல்டர் வளையம் வரை, மின்வாரிய எர்த்திலிருந்து மைனஸ் 48 வோல்ட் மின்மூலத்தின் பாசிட்டிவ் முனை வரை, ஒவ்வொரு மூட்டின் தடையையும் மில்லிஓமில் அளந்து எழுதும் கட்டம். கம்பியின் நீளத்தையும் வளைவையும் தூண்டக் கணக்கோடு பார்த்து ஏற்கவோ மறுக்கவோ ஒருவருக்கு அதிகாரமும் தர வேண்டும். இதற்கு வேண்டியது ஒரு மில்லிஓம் மீட்டர், சில மணி நேரம், டவர்காரரும் ரேடியோக்காரரும் சேர்ந்து இடும் ஒரே கையெழுத்து. புதிதாக ஓர் எர்த் குழி தோண்டும் செலவைவிட இது குறைவு. அடுத்த முறை எரிந்த ஓடியு கீழே இறங்கும்போது ‘எர்த் ஓம் எவ்வளவு?’ என்று கேட்பதற்கு முன், ‘எந்த மூட்டு பிணையாமல் இருந்தது?’ என்று கேட்கும் பழக்கமும் அதிலிருந்து வரும்.