இரகசியம் பேணப்படும்

எழுத்தறிவு பரவிய ஒரு சமூகத்திலே மிகுதியாகப் படிக்கப்படும் உரைநடை எதுவென வினவினால், நாவல் என்றோ சிறுகதை என்றோ நம்மிற் பலர் விடையிறுக்கக்கூடும். உண்மை அதுவன்று. விளம்பரமே அவ்விடத்தைப் பெறுகிறது. நாவலைத் தொடாதவனும் விளம்பரத்தைப் படிக்கிறான். படிக்கிறோம் என்ற உணர்வே இன்றிப் படிக்கிறான். ஆயினும் நமது இலக்கிய விமர்சனம் இந்த உரைநடையைப் பொருட்படுத்துவதில்லை. பொருட்படுத்த வேண்டிய ஒரு வகையை ஈண்டு எடுத்துக்கொள்வோம்.

“தடைப்பட்ட மாதவிடாயா? நூறு வீதம் பலன். இரகசியம் பேணப்படும்.” சுவரொட்டியிலும் பத்திரிகையின் மூலையிலும் தோன்றிய இவ்வாசகம் இன்று கைத்தொலைபேசித் திரைக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. சொற்கள் சற்றே வேறுபடலாம், வாய்பாடு வேறுபடுவதில்லை. இதில் வைத்தியரின் பெயர் இல்லை, பதிவிலக்கம் இல்லை, இடம் இல்லை, மருந்தின் பெயரும் இல்லை. ஒரு தொலைபேசி இலக்கம் மாத்திரமே உண்டு. வாக்கியத்தின் எழுவாயையும் காணோம். இரகசியம் ‘பேணப்படும்’, பேணுபவர் யார்? பலன் ‘கிடைக்கும்’, கிடைக்காவிடின் பொறுப்பேற்பவர் யார்? செயப்பாட்டு வினையின் நிழலிலே ஒரு வியாபாரி ஒளிந்திருக்கிறான்.

தகுதி வழக்கினை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்தது நமது இலக்கண மரபு. அவையிலே கூறத்தகாததை மறைத்துக் கூறுதல் இடக்கரடக்கல். இவ்விளம்பரம் அவ்வாடையையே அணிந்து வருகிறது. கருக்கலைப்பு என்னும் சொல்லை நாணத்தினால் தவிர்ப்பதுபோலப் பாவனை செய்கிறது. ஆனால் அதன் இயல்பு குழூஉக்குறியினது. பொற்கொல்லர் பொன்னைப் ‘பறி’ என்றது வாடிக்கையாளருக்கு விளங்காதிருக்க. இங்கோ குறிப்பு வாடிக்கையாளருக்கு விளங்க வேண்டும், சட்டத்துக்கு மாத்திரம் விளங்கக்கூடாது. நாணம் என்று நாம் எண்ணுவது உண்மையில் வியாபார தந்திரமாகும்.

இத்தந்திரம் எங்கிருந்து பிறந்தது? 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலிருந்து பிறந்தது. அதன் 303ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்கும் நல்லெண்ணத்தோடு செய்யப்பட்டாலன்றிக் கருக்கலைப்பைக் குற்றமாக்குகிறது. தண்டனை மூன்றாண்டு வரை. வயிற்றில் சிசு அசையத் தொடங்கிய பின்னரெனில் ஏழாண்டு வரை. தன் கருவைத் தானே கலைத்துக்கொள்ளும் பெண்ணும் அப்பிரிவுக்குள் அடங்குவாள். அந்நியன் எழுதித் தந்த இச்சட்டத்தைச் சுதந்திர இலங்கை இன்றளவும் பேணி வருகிறது. 1995இல் கொண்டுவரப்பட்ட தளர்வு யோசனை கைவிடப்பட்டது. பாலியல் வல்லுறவினால் உண்டான கருவுக்கும், பிழைக்கவியலாத குறைபாடுடைய சிசுவுக்கும் விலக்களிக்க 2017இல் எழுந்த முயற்சியும் மதபீடங்களின் எதிர்ப்பினால் முடங்கியது.

விளைவு யாது? திறமையும் நேர்மையுமுள்ள வைத்தியர் வாய்திறக்க இயலாது; மோசடிக்காரனோ தாராளமாகப் பேசுகிறான். உண்மைக்குத் தடை, பொய்க்குச் சந்தை. தேவை மாத்திரம் குறைந்தபாடில்லை. நாளொன்றுக்கு 658 கருக்கலைப்புகள் என்ற மதிப்பீடு பல்லாண்டுகளாக நம் நாட்டிலே மேற்கோளாகி வருகிறது. ஒரே எண் இத்தனை காலம் நீடிப்பதே ஓர் உண்மையை உணர்த்துகிறது: இருளிலே நடப்பதை எவராலும் எண்ண முடியாது.

மோசடி விளம்பரத்தைத் தடுக்கச் சட்டம் இல்லையா என்று கேட்கலாம், உண்டு. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம், வியாபாரி எவனும் ஏமாற்றும் வகையில் நடந்துகொள்வதைத் தடைசெய்கிறது. 2015ஆம் ஆண்டின் தேசிய ஔடத ஒழுங்குமுறைச் சட்டம் மருந்து விளம்பரத்தை அனுமதிக்கு உட்படுத்துகிறது. எனினும் ஒழுங்குமுறை என்பது முறைப்பாட்டினால் இயங்குவது. போலி மாத்திரைக்குப் பணம் கொடுத்து ஏமாந்த பெண் முறைப்பாடு செய்வதாயின், முதலில் தன்னைத்தானே காட்டிக்கொடுக்க வேண்டும். நுகர்வோர் என்று ஒரு சட்டம் அவளை அழைக்கிறது. குற்றவாளி என்று மற்றொரு சட்டம் காத்திருக்கிறது. ‘இரகசியம் பேணப்படும்’ என்ற வாக்குறுதியின் உட்பொருள் இதுவே. பேணப்படுவது அவளது இரகசியமன்று, வியாபாரியினது.

இது நம் நாட்டுக்கு மாத்திரம் உரிய நிலையன்று. விக்டோரியாக் காலத்து இங்கிலாந்திலே ‘பெண்களுக்கான குளிகைகள்’ பத்திரிகை தோறும் விளம்பரமாயின. 1898இல் லண்டனில் தண்டிக்கப்பட்ட கிரைம்ஸ் சகோதரர் மூவர், அத்தகைய பயனற்ற குளிகைகளை விற்றதோடு அமையவில்லை. வாங்கிய பெண்களின் முகவரிகளைச் சேர்த்துவைத்து, பணம் அனுப்பாவிடின் சட்டத்தின் முன் நிறுத்துவோம் என்று ஆயிரக்கணக்கானோருக்குக் கடிதம் எழுதினர். முதலில் பொய்யை விற்றனர். பின்னர் அச்சத்தை விற்றனர். இரண்டாவது வியாபாரத்துக்கு மூலதனம் தந்தது சட்டமே.

இந்தியாவின் அநுபவம் மற்றொரு பாடத்தைத் தருகிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயச் சிகிச்சைகள் சட்டம், கருச்சிதைவுக்கான மருந்து விளம்பரத்தைத் தடைசெய்தது. அத்தோடு நில்லாது, ‘மாதவிடாய்க் கோளாற்றைச் சீர்செய்தல்’ என்ற விளம்பரத்தையும் தடைசெய்தது. குழூஉக்குறியை அதன் ஆசிரியர்கள் நன்றாகவே வாசித்திருந்தனர்! விளம்பரம் செய்வதும் பேச்சுரிமையே என்று வாதிட்டு ஹம்தர்த் நிறுவனம் தொடுத்த வழக்கிலே, மருந்து வியாபாரத்துக்கான விளம்பரம் அவ்வுரிமையின் சாரத்துக்குள் அடங்காது என 1959இல் உச்ச நீதிமன்றம் கூறியது. ஆனால் அதே 1954ஆம் ஆண்டுச் சட்டம் கருத்தடை விளம்பரத்தையும் கருச்சிதைவோடு ஒரே வரியிலே சேர்த்துக் கட்டியதை நாம் மறந்துவிடலாகாது. பொய்யை அடக்கப் புறப்பட்ட கை அறிவின் வாயையும் பொத்தியது. கருக்கலைப்பைச் சட்டபூர்வமான சிகிச்சையாக்கிய சட்டம் 1971இலேதான் வந்தது. அதன் பின்னரே அங்கு சொல்லத்தக்க உண்மை ஒன்று உண்டாயிற்று.

உண்மை சொல்லப்பட வேண்டியதன் அவசியத்தை உணர அனலைதீவுக்குப் போதல் வேண்டும். புகையிலைத் தோட்டங்களும் கடற்றொழிலும் உள்ள இத்தீவுக்குப் பாலம் கிடையாது. இங்குள்ள சிறிய வைத்தியசாலைக்கு அப்பால் பெரிய சிகிச்சை வேண்டுவோர் படகேறி ஊர்காவற்றுறை சேர்ந்து, அங்கிருந்து வேலணை, அல்லைப்பிட்டி வழியாகப் பண்ணைப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையை அடைய வேண்டும். விளம்பரத்துக்கோ புவியியல் கிடையாது. கொழும்பிலுள்ள பெண்ணுக்கும் அனலைதீவிலுள்ள பெண்ணுக்கும் ஒரே வாசகம், ஒரே இலக்கம், ஒரே பொட்டலம்.

அப்பொட்டலத்தில் இருப்பது யாது? ஒருவேளை வெறும் மாவாகவே இருக்கலாம். ஒருவேளை இரைப்பைப் புண்ணுக்கென ஆக்கப்பட்ட மிசோபுரொஸ்டோல் ஆகலாம். இம்மருந்து மந்திரமுமன்று, நஞ்சுமன்று. மிஃபெப்பிரிஸ்டோன் என்பதோடு சேர்த்துக் கருக்கலைப்புக்கான அத்தியாவசிய மருந்தாக உலக சுகாதார நிறுவனம் 2005இல் அதனை ஏற்றது. ஆயினும் கரு எத்தனை வாரத்தது என்பதும், வைத்திய உதவி எட்டும் தூரத்திலே உள்ளதா என்பதும் அறியப்படல் வேண்டும். கரு கருப்பைக்கு வெளியே தங்கியிருப்பின் அம்மருந்து உதவாது. உட்குருதிப்போக்கு உயிரையே கொண்டுபோகும். வாடைக்காற்றிலே கடல் கொந்தளிக்கும் ஓர் இரவில் குருதி நில்லாது பெருகினால் என்ன செய்வது? ‘நூறு வீதம் பலன்’ என்ற வாசகத்திலே இதற்கு விடையில்லை. அவ்வேளையிலே தொலைபேசி இலக்கமும் மௌனித்துவிடும். காசுள்ளவள் தனியார் வைத்தியரை நாடுவாள். கடல் கடந்து சென்று சட்டத்தையும் கடந்துவிடுவாள். படகுக் கூலியை எண்ணிப் பார்ப்பவளே விளம்பரத்தை நம்புகிறாள். மோசடிக்கும் வர்க்கம் உண்டு.

இவ்விடத்திலேதான் தகுதி வழக்கின் மூன்றாவது வகையாகிய மங்கலம் வந்து சேர்கிறது. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். இவ்வாறு இறந்தவளையும் நாம் காய்ச்சலில் போனாள் என்றும், விதி முடிந்தது என்றும் சொல்லி அடக்கம் செய்கிறோம். இடக்கரடக்கலாகத் தொடங்கிக் குழூஉக்குறியாக வளர்ந்த வாசகம் மங்கலத்தில் முடிகிறது. நமது கதாசிரியர்களும் இதற்கு விலக்கல்லர். மணமாகாமல் கருவுற்ற கதாநாயகியைக் கிணற்றிலே தள்ளிவிட்டுக் கண்ணீரோடு கதையை முடிப்பது எத்தனை இலகுவாகிவிட்டது! அவள் யாரிடம் சென்றாள், யார் ஏமாற்றினார், எவ்வளவு பணம் கைமாறியது என்று யதார்த்தமாக எழுதியவர் மிகச் சிலரே. மௌனம் காப்பதிலே இலக்கியமும் வியாபாரியின் பங்காளியாகிவிடுகிறது.

கருக்கலைப்பை ஒழுக்கக்கேடெனக் கருதும் அன்பர்கள் இதனை வாசிப்பார்களாயின் அவர்களுக்கும் ஒன்று கூறுவோம். உங்கள் தரப்பிலும் பொய் உண்டு. அமெரிக்காவிலே வைத்திய நிலையம் போலத் தோற்றமளித்துப் பெண்களை அழைத்து, கருக்கலைப்பினின்றும் தடுப்பதையே நோக்காகக் கொண்ட நிலையங்கள் பல இயங்குகின்றன. தாம் உரிமம் பெற்ற வைத்திய நிலையமா அல்லவா என்பதை வெளிப்படையாக அறிவிக்குமாறு கலிபோர்னியா மாநிலம் இயற்றிய சட்டத்தை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018இல் ஏற்கவில்லை. விற்பவன் பொய்யும் தடுப்பவன் பொய்யும் ஒரே மூலப்பொருளினால் ஆனவை; அம்மூலப்பொருள் பெண்ணின் அறியாமை.

ஆகவே விளம்பரத்தைத் தடைசெய்க என்று கோருவதோடு நாம் அமைதியடைந்துவிடலாகாது. தடை, குழூஉக்குறியை மாற்றுமேயன்றி அழிக்காது. பொறுப்பாளரின் பெயரும் பதிவிலக்கமும் இடமும் இன்றி எந்த மருத்துவ விளம்பரமும் வெளிவரலாகாது. ஏமாந்தவள் தண்டனை அச்சமின்றி முறைப்பாடு செய்ய வழி வேண்டும். கலைப்பின் பின் குருதி வடிய வருபவளை வைத்தியசாலை வினாக்களால் வதைக்காது ஏற்க வேண்டும். இவையனைத்துக்கும் அடிப்படையாக 1883ஆம் ஆண்டுச் சட்டம் திருத்தப்படல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கும் மாணவர்களுக்கும் இதிலே தனிக் கடமை உண்டு. தகுதி வழக்கைக் கற்பிக்கும்போது பொற்கொல்லரின் ‘பறி’யை உதாரணம் காட்டுகிறோம். அடுத்த முறை சுவரொட்டியையும் காட்டுவோம். எழுவாய் எங்கே என்று கேட்கச் சொல்லிக் கொடுப்போம். அவ்வினாவை இன்றே கேட்கப் பழகிய மாணவி, நாளை அந்த இலக்கத்தைச் சுழற்றுமுன் ஒரு கணமேனும் தயங்குவாள். ஆனால் தயங்கி நின்றவள் திரும்பிச் சென்று கேட்பதற்கு ஒரு கதவு திறந்திருக்க வேண்டும். அதைத் திறப்பது அவளால் மாத்திரம் ஆகும் காரியமன்று. அது நம் அனைவரின் பணி.