இரு கதையும் ஒரு கையும்

ஒரே காலத்தில் இரண்டு கதைகளை எழுதுவது தகுமோ என்று நம் எழுத்தாளர் சிலர் ஐயுறுகின்றனர். தகும் என்பதே நம் துணிபு. 1837-இல் சார்லஸ் டிக்கன்ஸ் 'பிக்விக்', 'ஆலிவர் டுவிஸ்ட்' என்னும் இரண்டையும் மாதந்தோறும் எழுதிவந்தார். இரண்டையும் முடித்தும் கொடுத்தார்.

நம் பாரதியாரோ கவிதை, பத்திரிகை, மொழிபெயர்ப்பு எனப் பல பணிகளினிடையே உழன்றவர். 1921-இல் அவர் மறைந்தபோது 'சின்னச் சங்கரன் கதை', 'சந்திரிகையின் கதை' இரண்டுமே முற்றுப்பெறாது நின்றன. முன்னது ஜமீன்தாரைச் சூழ்ந்த போலிப் புலமையை எள்ளுவது. குறையாக நின்றும் அதன் நகைச்சுவை குன்றவில்லை. பின்னதன் இழப்பே பெரிது. கைம்பெண் விசாலாட்சியின் மறுமணம் நடந்தேறுகிறது. அவள் வளர்க்கும் சந்திரிகையோ குழந்தையாகவே நின்றுவிடுகிறாள். மறுமணம் புரிந்த மாதின் மடியில் வளரும் பெண் எத்தகையவள் ஆவாள்? சீர்திருத்தம் நாடுவோர்க்கு இன்றியமையாத இவ்வினாவுக்கு விடை இல்லாமற் போயிற்று.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இரப்பர் மரத்தை ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டுவது வழக்கம். இன்று ஓய்ந்த நிரைக்கு நாளை தவறாது ஆள் வருவதாலேயே இரு நிரையும் பால் தருகின்றன. எழுத்தாளர்காள்! இரண்டு கதைகளைத் தொடங்குங்கள்; ஆனால் விட்ட கதைக்குத் திரும்பும் நாளையும் இன்றே குறித்து வையுங்கள்.